அத்தைக்குப் போட்ட சமக் குறி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். மானுடவியலில் எட்டு விருப்பப் பாடங்கள். அவற்றில் மூன்றை எடுக்க வேண்டும். உங்கள் ஆர்வத்துக்கும் பிற்கால வேலைக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுங்கள் என்று மேலே மலாயில் அச்சடித்திருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் கேட்டது சட்டம். விண்ணப்பத்தில் நாலாவதாகச் சும்மா இட்டு நிரப்பிய மானுடவியலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டு, இப்போது வந்து ஆர்வம் என்ன என்று விசாரிக்கிறார்களே, இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று யோசித்தேன்.

நான் பிறந்தது சிரம்பானை அடுத்த லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். அங்கே தாளை நீட்டுகிறவனை யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். தாளோடு ஓர் ஆள், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குள் வந்தால் ஒன்று யாருக்காவது வேலை போகும், இல்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் காய்கறிக் கொல்லை போகும். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். லீவில் வீட்டுக்குக் கொண்டு போன படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மனுசங்களப் பத்தியா படிக்கப் போற?"

"ஆமாப்பா."

"நம்மளப் பத்தி நமக்குத் தெரியும். தெரியாதவன் எதுக்குத் தெரிஞ்சிக்கப் பாக்குறான்? அத மொதல்ல கேட்டுட்டு வா லா."

கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

மூத்த மாணவி ஒருத்தி, நிறுவனங்களின் மானுடவியல் எடுத்தால் நீலாய் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் உட்காரலாம் என்றாள். அதை முதலில் குறித்தேன். மருத்துவ மானுடவியலை இரண்டாவதாகக் குறித்தேன். ஆஸ்பத்திரி வேலை என்று சொன்னாலாவது தோட்டத்தில் மரியாதை இருக்கும். மூன்றாவதில்தான் இழுபறி. எனக்கு ஆலோசகராக இருந்த விரிவுரையாளர் அம்மா, உறவுமுறைப் பாடத்தை எடு என்றார். "நீ தோட்டத்துப் பிள்ளை. உனக்கு இது நல்லா வரும்."

அந்தத் 'தோட்டத்துப் பிள்ளை' என் காதில் உறுத்தியது. என்னைச் சாவியாக வைத்துத் தோட்டத்துக்குள் நுழையப் பார்க்கிறாரோ? அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று அவரே வகுப்பில் சொல்லியிருந்தார். கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வந்தவன் வராதவனை எழுதுகிறவர். அப்பாவிடம் இதைச் சொன்னதும், "அதானே பாத்தேன். எழுதுற பரம்பரை. கை சும்மா இருக்குமா?" என்றார். அநியாயமான பேச்சு. அன்றைக்கு எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆனாலும் அந்தப் பாடத்தை எடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து அத்தை, மாமா, சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவள்; அதற்கு ஒரு பரீட்சை வைத்து மார்க் கொடுக்கிறேன் என்றால் விடுவேனா?

பாடத்துக்கு ஒரு வேலை உண்டு. தெரிந்த இடத்தில் பத்து வீட்டை எடுத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு பெரிய தாளில் வரைய வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். செத்துப் போனவர்கள் மேல் குறுக்காக ஒரு கோடு. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே சமக் குறி. கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அதே சமக் குறியை நெளித்துப் போட வேண்டும்.

பரீட்சை லீவில் எங்கள் லயத்திலேயே ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், "எல்லாரும் நல்லா இருக்கோம் லா" என்றார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்களே என் பென்சிலைத்தான் பார்த்தார்களே ஒழிய, முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் எல்லாம் தலைகீழ். காலையிலேயே வாசலில் ஆள். பிறகுதான் விளங்கியது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப் போகிறார்கள், குடியிருக்கும் குடும்பங்களுக்கு அம்பாங்கான் பக்கம் வீடு வரும் என்று சில மாதமாகவே பேச்சு. யார் பேர் பட்டியலில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வீடு. படிக்கப் போன பிள்ளை, தோட்ட மேனேஜர் துரையின் ஆபீசுக்காகப் பட்டியல் எழுதுகிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மந்தின் டவுனில் பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மகனை, "இங்கதான் இருக்கான், ராத்திரி லேட்டா வருவான்" என்றார் ஒரு பெரியம்மா. மருமகள் வயிற்றில் இருப்பதையும் ஒரு முக்கோணமாகப் போட்டுவிடச் சொன்னார் ஒரு மாமா. ஆண்தானா என்று கேட்டேன். "நீ போடு, பொறக்கும்" என்றார்.

இங்கேதான் நான் கெட்டுப் போனேன். அது வீட்டுப் பட்டியல் இல்லை, என் பாட வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் டீயும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும் என்று தெரியும். தாள் கடகடவென்று நிரம்பிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை, கூப்பிடும் முறை. காண்ட்ராக்டில் களையெடுக்க வந்து, பக்கத்து வீட்டு மாமாவோடு தங்கிவிட்டவர். மாமாவுக்கு ஏற்கெனவே மந்தினில் முறைப்படி கட்டிய மனைவியும் மகனும் உண்டு. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேச மாட்டார்கள். மாமா போன வருஷம் இறந்துவிட்டார். தோட்டத்துப் பதிவில் வீடு அவர் பேரில் இருந்தது. அத்தையின் பேர் எதிலும் கிடையாது. மாமா இல்லாத வீட்டில் அவர் யார் என்று யாராவது கேட்டால், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தட்டில் பிசாங் கோரெங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், வைத்துக் கொண்டுவந்திருந்தார். தாளைக் காட்டச் சொன்னார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விரலை வைத்து ஒவ்வொரு வீடாக நகர்த்திக்கொண்டே போய்த் தன் வீட்டில் நிறுத்தினார்.

"இது அவரா?"

"ஆமா அத்த."

"குறுக்கால கோடு?"

"தவறிட்டாங்கல்ல, அதுக்கு."

"சரி. எல்லாருக்கும் ரெண்டு கோடு நேரா போட்ருக்க. எனக்கு மட்டும் ஏன் பாப்பா வளைஞ்சு கெடக்கு?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சட்டென்று ரப்பரை எடுத்து அழித்தேன். ஸ்கேலை வைத்து இரண்டு கோட்டையும் நேராக இழுத்தேன். அத்தை குனிந்து நிதானமாகப் பார்த்தார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

"இது போதும். இனி மந்தின்காரங்க வந்து கேட்டாலும் இத காட்டலாம். வீடு குடுத்துருவாங்கல்ல?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அத்த, இது வீட்டு லிஸ்ட் இல்ல. என்னோட படிப்புக்கு. மார்க்குக்காக எழுதுறேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா எல்லாரும் வந்து சொல்றாங்க, நீயும் எழுதிக்கிட்டே இருந்த."

"ஆமா."

"அப்ப என்னைய அழிச்சிரு. மார்க்குக்கு நான் எதுக்கு?"

வட்டத்தையும் சமக் குறியையும் அழித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு அத்தை போய்விட்டார். மற்ற வீடுகளுக்கு அவர்தான் போய் விஷயத்தைச் சொன்னார். நான் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

விரிவுரையாளர் அம்மா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அழித்த தடத்தில் விரலை வைத்து, இங்கே ஒருவர் இருந்திருக்கிறாரே, அவராகச் சொல்லி அழித்தாயா, நீயாக அழித்தாயா என்று கேட்டார். தப்பாக வரைந்துவிட்டேன் என்று புளுகினேன். அந்த ஒரு கேள்வியிலேயே அவர்மேல் நான் பட்ட சந்தேகமெல்லாம் வீண் என்று தெரிந்துவிட்டது. சந்தேகப்பட வேண்டிய ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நல்ல மார்க்தான் போட்டார்.

அடுத்த வருஷம் தோட்டத்துக்கு உண்மையான பட்டியல் வந்தது. கழுத்தில் அட்டை தொங்க ஓர் ஆள் வீடு வீடாக ஏறி எழுதினார். அப்பா போனில் சொன்னார்: "எல்லாரும் குடுத்துட்டாங்க. பக்கத்து வீட்டுல மட்டும் கதவத் தொறக்கல. ரெண்டாவது தடவ வந்தப்ப, நான் இந்த வீட்டு ஆளே இல்லன்னு சொல்லிருச்சு. இதுவும் ஒன்னோட படிப்பு மாதிரி ஏதோன்னு நெனச்சிருச்சு போல." மந்தின் மகன் ஆபீசுக்கே போய்த் தன் அம்மாவின் பேரைக் கொடுத்துவிட்டான். கல்யாணப் பத்திரம் அவர்கள் கையில் இருந்தது.

அதே வாரம் மூன்றாம் ஆண்டுக்கான பாடப் படிவம் வந்தது. நிறுவனம், தொழிற்சாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கள ஆய்வில் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் நெறிகள் என்ற பாடத்தை எடுத்தேன். மொத்தம் நான்கு பேர்தான் அதில். அதை வைத்து வேலை கிடைக்காது என்றார்கள். கிடைத்தது. தோட்டங்கள் கைமாறும்போது குடியிருப்பவர்களின் பட்டியலை எழுதுகிறவளாக இருக்கிறேன். கதவு திறக்காத வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் போகிறேன். முதல் வார்த்தையே, இது எதற்கான தாள் என்பதுதான். அப்படியும் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாதீர்கள் என்றுதான் என் மனசும் சொல்லும்.

இந்த வேலைக்கெல்லாம் வருமுன், அந்த மூன்றாம் ஆண்டிலேயே, அத்தையைக் கூட்டிக்கொண்டு மேல்முறையீடு செய்ய சிரம்பான் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மலாய்க்காரர், பொறுமையானவர். அத்தைக்கு நாற்காலி போடச் சொன்னார். கோப்பைப் புரட்டினார். அந்த மனிதருக்கும் இவருக்கும் உறவு என்று காட்ட எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, எந்தத் தாளானாலும் சரி, கோயில் ரசீதானாலும் சரி, ஒன்றை வைத்து மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார்.

நான் அதைத் தமிழில் அத்தைக்குச் சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அழிக்கச் சொன்னது நாந்தானே பாப்பா. இல்லன்னு சொல்லிரு."