சத்யபாமாவின் இரண்டாவது ஸ்கேன்

பெருங்கடவிளை சந்தையில் ஏத்தன் வாழைக்குலை விற்கும் சத்யபாமாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. முயன்று பார்த்த தரகர் ஒருவர் சந்தையையே மாற்றிக்கொண்டார். தொண்ணூற்றாறாம் வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்ததும், செங்கல் கிராமம் முதல் தனுவச்சபுரம் வரை பெண்கள் குரலைத் தாழ்த்தி "அடியில என்னமோ சீக்காம்" என்றார்கள். அவள் தாழ்த்தவில்லை.

"கேன்சராக்கும் மக்கா, கர்ப்பப்பை வாயில. பேரைச் சொன்னா ஒட்டிக்கிடாது. குலை வேணுமா, வேண்டாமா?"

திருவனந்தபுரத்து டாக்டரம்மா கைவைத்துச் சோதித்தும் சந்தேகம் தீரவில்லை. நோய் கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பக்கத்துச் சதைக்குள் இறங்கியிருந்தால் கத்தியால் பிரயோஜனமில்லை. ஊரார் கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்றார் அவர்.

கணவன் வேலாயுதனின் அக்கா ஷியாமளா அதற்குள் வேறொரு டாக்டரைப் பிடித்து வைத்திருந்தாள். அவருக்குப் படமெல்லாம் தேவையில்லை, உடனே அறுத்துத் தருவாராம்.

"எடுத்துக் களைஞ்சா தீந்துதுல்லா, பாமா?"

"மரச்சீனிக் கிழங்கு பிடுங்கதுக்கே வேரு எங்க ஓடுதுன்னு பாத்துதான் பிடுங்குவோம் மைனி. எனக்க வயிறு அதைவிடக் கேவலமா?"

ஷியாமளா விடுகிற ஆளா? மந்திரவாதியிடம் ஓடி ஒரு ஏலசு, அதாவது தாயத்து, வாங்கி வந்தாள். இடுப்பில் கட்டவேண்டும், கழற்றக்கூடாது, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்யவேண்டும். வேலாயுதன் கண்ணீர் விட்டான். புருஷன் அழுதால் மட்டும் பாமாவுக்கு வாய் வேலை செய்யாது. சத்தியம் செய்து கட்டிக்கொண்டாள்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் தாலி, கம்மல், ஊக்கு எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, உடம்பில் வேறு இரும்பு, பித்தளை ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். சத்தியம் நினைவுக்கு வந்து, "இல்ல" என்றாள் பாமா. குழாய்க்குள் போனதும் போர்வைக்கடியில் ஏலசு தானாகத் துள்ளி வயிற்றை இழுத்தது. மெஷின் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டது. பகவதிதான் இறங்கிவிட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

படம் வந்தது. டாக்டரம்மா விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மே, பார்க்க வேண்டிய இடத்தில்தான் இருட்டு. உண்மையைச் சொல்லணும், இடுப்பில் என்ன உண்டு?"

பாமா சேலையை விலக்கிக் காட்டினாள். ஏலசுக்குள் மந்திரவாதி சக்திக்காக ஒரு ஆணித்துண்டை வைத்து அடைத்திருந்தான். காந்த மெஷினுக்குள் இரும்பு போனால் படம் கெட்டுவிடும்; டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னொரு முறை எடுத்தால்தான் உண்டு.

வீட்டில் ஷியாமளாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பகவதியம்மை மறைச்சதாக்கும்! படம் எடுக்காண்டாம்னு சொல்லுகா. பேசாம ஆபரேசனுக்குப் போவோம்."

வேலாயுதனும் தலையாட்டினான். பாமா குலை வெட்டும் கத்தியை எடுத்தாள். இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். அவள் இடுப்புக் கயிற்றை அறுத்து ஏலசை ஷியாமளாவின் மடியில் போட்டாள்.

"மறைக்கதுக்கு அம்மைக்கு துருப்பிடிச்ச ஆணி வேணுமா மைனி? நீங்களே கெட்டிக்கிடுங்க. எனக்க உள்ள என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியணும்."

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. நோய் இடப்பக்கச் சதைக்குள் இறங்கியிருந்தது. மூத்திரப்பையையோ இடுப்பெலும்பையோ தொடவில்லை. இரண்டாம் கட்டம். ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு.

"கண்டியா? ஏலசைக் களைஞ்சதுனாலதான் பரவிச்சு," என்றாள் ஷியாமளா.

"இது பரவி எத்தனையோ மாசம் ஆச்சாம். உங்க டாக்டரு அறுத்திருந்தா பாதியை உள்ளேயே வச்சுத் தைச்சிருப்பாரு. நீங்க எனக்குக் கஞ்சி ஊத்திட்டே அம்மை கைவிட்டுட்டான்னு குத்தம் சொல்லியிருப்பிய."

வேலாயுதன் மெதுவாக, "கரண்டு வச்சா குடலெல்லாம் வெந்துபோவும்னு சொல்லுகாவளே பாமா..." என்றான்.

"பயமா இருக்குன்னா இங்க கிடந்து அழுங்க. நான் அழ வரல. வாறியளா, இல்லியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலாயுதன் சட்டையை மாட்டினான். பாமா அதற்குள் ரோட்டில் இறங்கி, திருவனந்தபுரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, அவனுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாள்.