என் காலடியில் இன்னொரு பிரேக்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு யாருடைய ஜாதகமும் தேவையில்லை. கிளச்சை விடுகிற விதத்தைப் பார்த்தால் போதும், ஆளின் குணம் தெரிந்துவிடும். பதுளையில் ஏற்றமும் இறக்கமும் தவிர வேறு ரோடு கிடையாது என்பதால் அது இன்னும் சீக்கிரம் தெரியும். அப்பாவுக்கு வாட்ஸ்அப் பழக்கியவர்கள், மச்சானுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நீங்களும் என் இனம்தான்.

என்னுடையது பழைய கார். நெற்றியில் 'எல்' பலகை. இடது பக்கம் நான் உட்காருகிற இடத்தில், என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் நான் மிதித்து நிறுத்தலாம். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் ரகம் பிரிப்பது என் பொழுதுபோக்கு. மன்னிப்பு ரகம், விளக்க ரகம், சாட்டு ரகம் என்று பெயர்கூட வைத்திருக்கிறேன்.

இந்த முறை என்னை ஆட்டிவைத்தவள் பரமேஸ்வரி. பசறைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். டவுனில் ஒரு முன்பள்ளிக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றிருந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் லைசன்ஸோடு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள். அதற்காக அரை நாள் வேலையோடு மலையை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். அவள் கதைக்கு வருவதற்கு முன்னால் மற்ற இரண்டு பேரைப் பார்த்துவிடுவோம்.

நாய்க்கு வழி விட்டவர்

சிவா ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக்கொடுக்கிற பையன். தங்கமான பிள்ளை. அதுதான் பிரச்சினை. லொறிக்கு வழி விடுவான், ஆட்டோவுக்கு விடுவான், ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவருக்கும் விடுவான். மன்னிப்பு ரகத்துக்கு இவனைத்தான் உதாரணமாகக் காட்டுவேன்.

ஒருநாள் பஜார் ரோட்டின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. சிவா காரை நிறுத்தினான். ஹார்ன் அடிக்கச் சொன்னேன். "தூங்குது சேர்" என்றான். பின்னால் பசறை பஸ், அதற்குப் பின்னால் ஊரே நின்று ஹார்ன் அடித்தது. நாய் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி படுத்தது. கடைசியில் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து நாயை விரட்டினார். பிறகு என் பக்கத்து ஜன்னலில் தலையை விட்டு, சிவாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"சேர், இவருக்கு லைசன்ஸ் எல்லாம் சரிப்படாது. ஒரு கோயில் கட்டிக் குடுத்துருங்க."

காரணம் கேட்ட ஐயா

கனகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கந்தோருக்கு உத்தியோகத்துக்கு வந்து, பென்ஷன் எடுத்த பிறகும் இந்த ஊர்க் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். இவர் விளக்க ரகம். "கிளச்சை ஏன் மிதிக்கவேணும், தம்பி? காரணத்தைச் சொல்லுங்கோ, மிதிக்கிறன்" என்பார். காரணத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் நின்று, சந்தியில் நாலு பக்கமும் வாகனம் சேர்ந்துவிடும்.

ஒரு வளைவில் மரக்கறி லொறி ஒன்று எங்களுக்கு நேரே வந்தது. "பிரேக்கப் புடிங்க" என்று கத்தினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, மரியாதையாக "ஏன்?" என்று கேட்டார். நான் என் பிரேக்கை மிதித்த மிதியில் அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து மடியில் விழுந்தது. லொறி எங்களை உரசாமல் போனது. அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப விளங்குது, தம்பி. ஆனால் இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கவேணும்."

அதே கார்தான்

பரமேஸ்வரிக்கு நான் எந்த ரகமும் வைக்கவில்லை. அவ்வளவு நன்றாக ஓட்டினாள். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைப்பதற்குள் கார் பின்னால் உருளும். கிளச்சைப் பாதி விட்டுப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பரமேஸ்வரி எடுத்தால் கார் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காது. மற்றவர்களிடம் அவளைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

லைசன்ஸுக்கு ஓட்டிக்காட்டுகிற ட்ரயல் நாளன்று அதிகாரி பக்கத்தில் உட்கார, நான் இறங்கி வெளியே நின்றேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கார் கடகடவென்று பின்னால் உருண்டு வேலியில் போய் முட்டி நின்றது. பெயில். அடுத்த ட்ரயலுக்குப் பிறகு பள்ளி திறந்துவிடும். அதிலும் விட்டால் வேன் போச்சு. அவள் அழவில்லை. ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். கார் வேறு மாதிரி இருந்தது என்றாள். அதே கார்தானே என்று கோபமாகச் சொன்னேன். பாவம், இவளும் பழியைக் காரின் மேல் போடுகிற சாட்டு ரகம்தான் என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிட்டேன். அவள் விடவில்லை.

"இல்ல சேர். நீங்க ஒக்காந்திருந்தா நிக்குது. நீங்க எறங்குனா ஓடுது."

வலது சப்பாத்து

அந்த வாரம் மழை. என் வலது சப்பாத்துக்குள் மட்டும் தண்ணீர் போனது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சப்பாத்துத் தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் புதுசு மாதிரி இருந்தது. வலது பக்கம் முன் பாதத்தில் ஓட்டை. "ஒங்க எடது காலு சும்மா நடந்திருக்கு சேர். வலது காலு எதையோ பாத்து ரொம்ப நாளா பயந்து போயிருக்கு" என்றார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டே, எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"மக கொழும்புக்குப் படிக்கப் போறேன்னு நின்னப்போ, அடுத்த வருசம் பாப்போம், அடுத்த வருசம் பாப்போம்னீங்களே. அந்தக் காலுதான் இது."

பின் சீட்டு

அப்பளம் எனக்கு இறங்கவில்லை. ஏற்றத்தில் காரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது பரமேஸ்வரியின் கிளச் இல்லை, என் கால். எனக்கே தெரியாமல் மிதித்திருக்கிறேன். அவள் எடுக்கிறாள் என்று நானும், கார் தானாக நிற்கிறது என்று அவளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். கெடுத்தது நான், சாட்டு ரகம் என்று பெயர் வைத்ததும் நான். அடுத்த வகுப்பில் அவளிடம் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று பயந்தேன். "அப்பன்னா நீங்க பின்னுக்கு ஒக்காருங்க சேர்" என்றாள். முன்னால் இருந்தால் என் காலை நானே நம்ப மாட்டேன் என்பதால் மறுபேச்சுப் பேசாமல் ஏறினேன்.

பசறை ரோட்டு ஏற்றத்தில் வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். முதல் தடவை கார் பின்னால் உருண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துவிட்டாள். அடுத்த தடவை எஞ்சின் நின்றது. அதற்கடுத்து ஒரு குலுக்கலோடு ஏறியது. பிறகு குலுக்கல் இல்லாமலும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் நான் முன் சீட்டின் முதுகை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"சேர், அங்கிட்டு பிரேக் இல்ல. காலைக் கீழ வைங்க."

நிலத்தை மிதித்தவன்

இரண்டாவது ட்ரயலுக்குக் கனகலிங்கம் ஐயாவும் வந்திருந்தார். அவருடைய முறைக்குக் காத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பரமேஸ்வரி காரை ஏற்றத்தில் நிறுத்தினாள். பின் விளக்கு சிவப்பாக எரிந்தது. பிறகு அணைந்தது, அதாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். போன முறை உருண்டது இந்த இடத்தில்தான். முன்பள்ளி வேன், அவள் விட்ட அரை நாட்கள், எல்லாம் அந்த ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தன. கார் அசையவில்லை. அப்புறம் மெதுவாக, பின்னுக்கு ஒரு அங்குலம்கூடப் போகாமல், முன்னால் ஏறியது.

ஏறி, வளைவில் திரும்பி, இறங்கி வந்து நின்றது. அதிகாரி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவள் கதவைத் திறந்து என்னைத் தேடிச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போய் வாழ்த்த வேண்டும் என்று தோன்றியும் கால் நகரவில்லை. கனகலிங்கம் ஐயா குனிந்து, சேற்றுக்குள் கணுக்கால்வரை புதைந்திருந்த என் வலது சப்பாத்தைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை போய்ச் சேர்ந்திட்டுது. இனி நிலத்தை விடுங்கோ."

இப்போது பரமேஸ்வரி வேன் நிறையப் பிள்ளைகளோடு அதே ஏற்றத்தில் எதிரே வந்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறாள், ஊரையே ரகம் பிரித்த நானோ அவள் வளைவு தாண்டுகிறவரை என் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் கையைக் காட்டுகிறேன்.