சித்தாண்டியில போட்ட பிறேக்

இண்டைக்குக் காலம பஸ்ஸில ஒரு மனிசனுக்கு அடி விழப் பாத்திச்சு!

(தெரியாத ஆக்களுக்காகச் சொல்றன். நான் விஞ்ஞான டீச்சர். ஓட்டமாவடியில பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குப் படிப்பிக்கப் போறவள். பாதி வாழ்க்கை பஸ்ஸிலதான்!)

வழமை போல சரியான சனம்.

எனக்கு முன் சீற்றில, வழிப்பக்கமா, வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் படிக்கப் போற ஒரு புள்ள இருந்தா. மடியில பேக்.

என்ட சீற்றுக்குப் பக்கத்தில ஒரு தம்பி நிண்டார். முப்பது வயசு மட்டில இருக்கும். ஒரு கையில பிளாஸ்க், மற்றக் கையால மேல கம்பியப் பிடிச்சிருந்தார்.

சித்தாண்டி கிட்ட கொண்டக்டர் வந்து, "தம்பி, டிக்கட்" எண்டார்.

தம்பி கம்பிய விட்டுட்டுப் பொக்கற்றுக்குள்ள கைய விட்டார்.

அந்த நேரம் பாத்து நடுறோட்டில மாடு!

டிரைவர் போட்டார் ஒரு பிறேக்!

என்ட மூக்கு முன் சீற்றுக் கம்பியில. ஆரோ ஒரு ஆளிட சோத்துப் பார்சல் டிரைவரிட காலடி வரைக்கும் போயிட்டு. அந்தத் தம்பி அப்பிடியே போய் அந்தப் புள்ளையிட மேல விழுந்திட்டார்.

"ஐயோ!!" எண்டு புள்ள கத்தினா பாருங்க, பஸ்ஸே அதிர்ந்திட்டு.

"எடுங்க கைய! வேணுமெண்டுதான் விழுற!"

தம்பி, "இல்ல தங்கச்சி... இல்ல..." எண்டார்.

பின்னுக்கு நிண்ட ஒரு ஐயா பாஞ்சு வந்து சேட்டுக் கொலரப் பிடிச்சிட்டார்.

"டேய், பொம்பிளப் புள்ளையிட மேல விழுறயா? இறக்குங்க இவன!"

"இறக்குங்க! பொலிசுல குடுங்க!" ஆளாளுக்குச் சத்தம். ஆரோ போனத் தூக்கி வீடியோவும் எடுக்கத் தொடங்கிட்டார். (அதுக்கு மட்டும் எப்பவும் ஆள் ரெடி!)

ஐயா கைய ஓங்கினதக் கண்டவுடன நான் எழும்பிட்டன்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. பிறேக் போடக்குள்ள நீங்க எந்தப் பக்கம் சாஞ்சீங்க?"

அவர் என்ன ஒரு மாதிரிப் பாத்தார். "முன்னுக்குத்தான். ஏன்?"

"நான் மூக்க முன்னுக்குத்தான் இடிச்சன். எல்லாரும் முன்னுக்குத்தான் போன. பஸ் நிண்டிட்டு, ஆனா நம்மட உடம்பு ஓடின வேகத்திலயே போகப் பாக்கும். சடத்துவம் எண்டு சொல்ற அதத்தான். பிடி இருந்தா அந்தப் பிடி நம்மள நிப்பாட்டும். இவருக்குப் பிடி இல்ல. டிக்கட் எடுக்கக் கைய விட்டவர். நான் பாத்துட்டுத்தான் இருந்தன்."

"டீச்சர் பஸ்ஸிலயும் கிளாஸ் தொடங்கிட்டா!" எண்டு பின் சீற்றில ஒருவர்.

கொஞ்சப் பேர் சிரிச்சாங்க. சிரிச்சதும் நல்லதுக்குத்தான். ஓங்கின கை கீழ இறங்கிட்டு.

கொண்டக்டரும் வாயத் திறந்தார். "ஓம், நாந்தான் காசு கேட்ட. கேக்காட்டி கம்பிய விட்டிருக்க மாட்டார்."

ஐயா கொலர விட்டுட்டார். ஆனா அந்தப் புள்ள அழுதுகொண்டே இருந்தா.

நான் குனிஞ்சு, "புள்ள, பிறேக்காலதான் மகள்" எண்டன்.

அவ என்ன நிமிந்து பாத்துச் சொன்னா:

"டீச்சர், போன கிழமை பஸ் பிறேக்கே போடாம ஓடக்குள்ள ஒருத்தன் என்ட மேல விழுந்த. அண்டைக்கு நான் கத்தல்ல. ஒருத்தரும் எழும்பவுமில்ல. இண்டைக்கு விழுந்தவர் நல்லவரா கெட்டவரா எண்டு அந்த ஒரு செக்கனில எனக்கு எப்பிடித் தெரியும்?"

இத்தின வருசமா போர்ட்டில பஸ் படம் கீறி, அம்புக்குறி போட்டு, விசை எந்தப் பக்கம் எண்டு படிப்பிக்கிறன். அந்தப் பஸ்ஸுக்குள்ள ஒரு பொம்பிளப் புள்ளையும் இருப்பா எண்டு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

அப்பதான் அவ தம்பியிட சேட்டப் பாத்தா. நெஞ்சு முழுக்க நனைஞ்சு, ஆவி பறக்குது!

பிளாஸ்க் மூடி கழண்டு கோழிச் சூப் ஊத்துப்பட்டிருக்கு. மனிசன் விழக்குள்ள பிளாஸ்க்கத் தன்ட நெஞ்சோட சேத்து அணைச்சிருக்கிறார். புள்ளையிட மேல ஒரு சொட்டுக் கூடப் படல்ல.

"அண்ணா, சுட்டிட்டா உங்களுக்கு?"

அழுத கண்ணோடயே பேக்கத் திறந்து தண்ணிப் போத்தல எடுத்து அவரிட நெஞ்சில ஊத்தினா.

தம்பி மெல்லமாச் சொன்னார்: "ராத்திரி வைஃபுக்குப் புள்ள கிடைச்ச, தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குத்தான் இதக் கொண்டு போறன். பொம்பிளப் புள்ள." பிறகு, "நீங்க கத்தினது சரிதான். அவ வளந்து பஸ்ஸில போகக்குள்ள அவளும் கத்தோணும்" எண்டார்.

இப்ப கண் கலங்கினது நான்! (சூப் ஆவி எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன்.)

அந்தப் புள்ள எழும்பினா. "அண்ணா, இதில இருங்க. ரெண்டு கையாலயும் பிளாஸ்க்கப் பிடிங்க."

"பரவாயில்ல, நீங்க இருங்க."

"இருங்க எண்டு சொல்றன்!"

மனிசன் சீற்றில இருந்திட்டார். கொலரப் பிடிச்ச ஐயா பொக்கற்றில இருந்த தன்ட கைலேஞ்சிய எடுத்துப் பிளாஸ்க்கச் சுத்தித் துடைச்சுக் குடுத்தார். அதுதான் அவரிட மன்னிப்பு எண்டு நினைக்கிறன்.

வீடியோ எடுத்தவர் எங்கட முன்னாலயே அத அழிச்சார். (நான் பக்கத்தில நிண்டு பாத்தன், டீச்சர் குணம்!)

வந்தாறுமூலையில புள்ள இறங்கிட்டா. பேர் கேக்க மறந்திட்டன்.

புள்ள, ஆராவது ஷேர் பண்ணி இது உன்ட கண்ணில பட்டா, ஒண்டு மட்டும் கேளு.

அடுத்த முறையும் கத்து மகள். விசாரிக்கிறத நாங்க எழும்பி வந்து விசாரிக்கிறம்.