கடைசி வரிக்குப் பைப் இல்லை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கடலூரில் விடியுமுன் ஏறி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, எலவனாசூர்கோட்டையில் கண் விழித்து, மறுபடி தூங்கி வந்து சேர்ந்திருந்தேன். வெள்ளிமலை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். சாம்பார் சுமார்தான், ஆனால் வடைக்காகவே இன்னொரு முறை அந்தக் கடைக்குப் போகலாம்.

நான் போலீஸ் பாண்டில் பேக்பைப், அதாவது கக்கத்தில் காற்றுப் பையை இடுக்கி ஊதும் குழல் வாத்தியம், ஊதி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கிறிஸ்தவப் பாட்டுகளைப் பைப்புக்குத் தோதாக மாற்றி எழுதி, செல்போன் குழு ஒன்றில் போட்டுவிடுகிறேன். பட்டாளத்திலும் போலீஸிலும் ஊதிய ஆட்கள் அங்கங்கே எடுத்து ஊதுகிறார்கள். அவர்களில் ஒருவர் தேவதாஸ். ராணுவத்தில் பைப் ஊதியவர், இப்போது கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறார். போன மாதம் போனில் கூப்பிட்டு அவர் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

"சார், எங்க சபைப் பாட்டு ஒண்ணு எழுதித் தரணும். என் வூட்டுக்காரி சாராள் பாடுவா. அவ பாடிக்கினு இருக்கசொல்ல நான் ஊதணும். அவளுக்குத் தொண்டைல கட்டி. வர்ற மாசம் பாண்டிச்சேரில ஆப்பரேஷன். கொரலு மாறினாலும் மாறும்னு டாக்டர் சொல்ட்டாரு. அதுக்குள்ள ஒரு தபா அவ பாட்டையும் என் பைப்பையும் ஒண்ணாக் கேட்டுடணும் சார்."

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஊதுவதாகத் திட்டம். அதற்கு அடுத்த புதன்கிழமை ஆப்பரேஷன். எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பேக்பைப்பில் மொத்தமே ஒன்பது சுரங்கள். அந்தப் பாட்டின் கடைசி வரி, "இருட்டும் முன்னே எம்மை வீடு சேர்ப்பாய்" என்பது. அதில் "வீடு" என்ற இடத்தில் மெட்டு பைப்புக்கு எட்டாமல் ஒரு சுரம் மேலே போய்விடுகிறது. பாட்டையே கீழே இறக்கினால் தொடக்கம் பைப்பில் இல்லாத கீழ்ச் சுரத்தில் போய் இடிக்கிறது. அந்த ஒரு சுரத்தை மட்டும் தாழ்த்தி எழுதி அனுப்பினேன். தேவதாஸ் ஊதியதைச் சாராளம்மா கேட்டுவிட்டு, "இது எங்க பாட்டே இல்ல" என்று சொல்லிவிட்டாராம். சரி, பண்டிகைக்கு முந்தைய நாளே நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

ஏழரைக்குப் பஸ் கிளம்பியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, "இன்னா சார், அருவிக்கா?" என்றார்.

"இல்லைங்க, ஒரு பாட்டு கேட்க."

"பாட்டா? அதான் செல்லுலயே கேக்கலாமே. அதுக்கா மலை ஏறுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

கச்சிராயபாளையம் வரை பதினைந்து, பதினாறு கிலோமீட்டர், சாலையின் இருபுறமும் கரும்பு. கரும்பு டிராக்டருக்கு வழி விட்டு விட்டே பஸ் போனது. கோமுகி அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. பரிகம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. வெள்ளிமலையில் இறங்கியபோது மணி பத்து. தேவதாஸ் மோட்டார் பைக்குடன் நின்றிருந்தார். அறுபது வயதிலும் பட்டாளத்து நிற்பு போகவில்லை. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் மண் சாலை. என் இடுப்பு அதை இன்னும் மறக்கவில்லை.

சாராளம்மா சின்ன உருவம். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். கட்டி வெளியில் தெரியக் கூடாதென்று அப்படி. "வாங்கண்ணே, ரொம்ப அலைச்சலா?" என்ற குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கனத்த, நல்ல குரல்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலில் ஒத்திகை பார்த்தோம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். தேவதாஸ் பையைக் கக்கத்தில் இறுக்கி ஊத ஆரம்பித்தார். கூரை அதிர்ந்தது. சாராளம்மாவின் வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரண்டாவது அடியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மீனு மாரி வாயைத் தொறந்துக்கினு நிக்கறேன் நானு. கொஞ்சம் கம்மியா ஊதுங்களேன்!"

"கம்மியா ஊத இது புல்லாங்குழலாடி?" என்றார் தேவதாஸ்.

அவர் சொன்னது உண்மைதான். பேக்பைப்பில் மெதுவாக ஊதுவது என்ற பேச்சே இல்லை. ஊதினால் முழுச் சத்தம், இல்லாவிட்டால் மௌனம். சத்தத்தைக் குறைக்க ஒரே வழி, ஊதுகிறவர் தள்ளிப் போவது. என் மனைவி கண்டுபிடித்த வழி அது. நான் பைப்பைத் தொட்டாலே, "மாடிக்குப் போங்க" என்பாள்.

தேவதாஸை வெளியே அனுப்பினோம். மரவள்ளிக் கொல்லை வழியாக ஊதிக்கொண்டே பின்வாங்கினார். நான் கோயில் வாசலில் சைகை காட்டத் துண்டுடன் நின்றேன். ஒரு பள்ளம் தாண்டி எதிர் மேட்டிலிருந்த பலா மரத்தடிக்கு அவர் போனபோது எல்லாம் சரியாக அமைந்தது. பைப் அடியில் ஓட, சாராளம்மாவின் குரல் மேலே தெளிவாக நின்றது. துண்டை வீசினேன்.

அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "கேட்டுச்சா சார்?"

"அருமையாகக் கேட்டது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே சார்," என்றார். முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து தோளுக்கு மேல் நீளும் மூன்று குழல்களும் ஊதுகிறவர் காதோரம் ஓயாமல் ரீங்கரிக்கும். பக்கத்தில் நின்று பாடினாலே அவருக்குக் கேட்காது, அவ்வளவு தூரத்தில் எப்படிக் கேட்கும்? சபை முழுக்கக் கேட்கப்போகிறது, ஆசைப்பட்ட ஆளுக்கு மட்டும் இல்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கடைசி வரிக்கு வந்தோம். இப்படி மாற்றினால், அப்படி மாற்றினால் என்று நான் பாடிக் காட்டினேன். சாராளம்மா எதற்கும் மசியவில்லை.

"அண்ணே, 'வீடு'ன்றப்போ பாட்டு மேல ஏறணும். அதைக் கீழ தள்ளாதீங்க. உங்க பைப்புக்கு எட்டலன்னா அந்த வரிய வுட்டுடச் சொல்லுங்க. நான் ஒண்டியா பாடிக்கறேன்."

"நடுப் பாட்டுல நிறுத்தறதா? அசிங்கம்," என்றார் தேவதாஸ்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அடடா, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! "தேவதாஸ், அந்த வரி உங்களுக்கு இல்லை. அது தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகு பையை இறக்க வேண்டாம், அசையவும் வேண்டாம்," என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உத்தரவுக்குப் பழகிய மனிதர். சாராளம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு காலை பத்து மணி. கோயிலுக்குள் வாழைத்தார், சாமைக் கதிர், பலா, மிளகு என்று காணிக்கை குவிந்திருந்தது. கடைசி வரியில் யாரும் சேர்ந்து பாட வேண்டாம் என்று ஆராதனை நடத்தும் உபதேசியார் சபையிடம் சொல்லி வைத்தார். நான் தேவதாஸுடன் பலா மரத்தடிக்குப் போனேன். மணி அடித்ததும் அவர் ஊதத் தொடங்கினார்.

பக்கத்தில் நின்ற எனக்குப் பைப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை. எதிரே திறந்த ஜன்னல்கள் மட்டும் தெரிந்தன. முதல் அடி, இரண்டாம் அடி முடிந்தன. "இருட்டும் முன்னே" தொடங்க வேண்டிய இடத்தில் சுத்தமாக வெட்டி நிறுத்தினார். பிசிறில்லை. பள்ளம் முழுக்க அமைதி.

அந்த அமைதியில் அந்தக் குரல் வந்தது. கொல்லையைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, அவர் ஊதி முடித்த அதே சுருதியில் ஏறி வந்தது. "வீடு" என்ற இடத்தில் நின்று நிதானித்து, பிறகுதான் இறங்கியது.

தேவதாஸ் அசையவில்லை. பை கக்கத்திலேயே இருந்தது. கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாமல் நின்றார். நான் துடைத்துவிடவில்லை. என் கண்ணும் அதே நிலைமையில் இருந்தது.

"வந்துச்சு சார்," என்றார் கடைசியில்.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் சாராளம்மா அவர் இலையில் கறி வைத்தபடி, "ரெண்டாவது அடில ஜாஸ்தி வேகமாப் பூட்டீங்க. வெறட்டிக்கினு வந்தாப்பல," என்றார். தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

மூன்று மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். அதே கண்டக்டர். "இன்னா சார், பாட்டு கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்றேன். அருவி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் போகிறேனே என்று அவருக்கு வருத்தம்.

புதன்கிழமை ஆப்பரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் எப்படி இருக்குமோ, தெரியாது. கச்சிராயபாளையம் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு என் வீட்டு மாடி நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாக அங்கே நின்று ஊதுகிறேன். கீழே சமையலறையில் என் மனைவி சும்மாதான் இருக்கிறாளா, கூடவே பாடுகிறாளா, எனக்குத் தெரியாது. நான்தான் ஒரு பாட்டையும் பாதியில் நிறுத்தியதில்லையே. நாளைக் காலை மாடிக்குப் போய், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, பையை இறக்காமல் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.