போனுக்கு ஒரு நாள் ஓய்வு

சிரிக்காதீங்க, உண்மையைச் சொல்லிடுறேன். போன் மெதுவா ஓடுதேன்னு செட்டிங்ஸ்ல நோண்டினேன். "கூடுதல் ரேம்"னு ஒன்னு இருந்துச்சு. சும்மாதானே கொடுக்கிறான்னு முழுசா ஏத்தி விட்டுட்டேன்.

இன்னைக்கு ரந்தாவ் டவுன்ல போன் கடைக்காரப் பொண்ணு அதைப் பார்த்துட்டு, "அங்கிள், இது சும்மா இல்ல லா. நீங்க படம் வச்சிருக்கிற இடத்துலதான் போன் எழுதி எழுதி அழிக்குது. அந்த இடம் தேய்ஞ்சிரும்"னு சொல்லுச்சு.

"எழுதுதா? நான் கையெழுத்து போடவே யோசிக்கிறவன்மா!"

அது சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. மக கல்யாணப் படம் மொத்தமும் அந்தப் போன்லதான் கிடக்கு. வேற எங்கேயும் இல்ல.

"அப்போ குறைச்சிடவா?"

"குறைச்சா மறுபடி மெதுவா ஓடும், அங்கிள்."

"ஏத்தினா?"

"தேயும். ஆனா உடனே ஒன்னும் ஆகாது."

எனக்குத் தலை சுத்திடுச்சு. நமக்குத் தெரிஞ்சது ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுறது மட்டும்தான். தினமும் வெட்டினா பட்டை தாங்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டணும். சரி, போனுக்கும் இன்னைக்கு ஓய்வுன்னு அங்கேயே ஆஃப் பண்ணிப் பையில போட்டுட்டேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி நீலாய் ரயில் ஸ்டேஷன்ல நின்னு, வந்து ஏத்திட்டுப் போகச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. கடைசியில டாக்சி பிடிச்சு எனக்கு முன்னாடியே வீடு சேர்ந்துட்டா.

"உன் மக கல்யாணப் படமெல்லாம் பத்திரமா இருக்கு"ன்னு ஜன்னல் வழியா சொல்லிப் பார்த்தேன்.

ரேமை ஏத்தணுமா எறக்கணுமா, தெரிஞ்சவங்க மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு.