மாமா சுட்ட பதினொரு மான்கள்

என் மாமா பதினொரு மான்களைச் சுட்டவர். அரபு நாட்டில், ருவைஸில் என் வகுப்பில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து நானே சொல்லியிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து விசா கிடைத்து வந்தவர். எங்கள் குடியிருப்பிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், ஓர் அரபிக்குச் சொந்தமான வேலி போட்ட பெரிய தோட்டத்தில் வேலை. மரங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பார்ப்பதோடு, உள்ளே வளர்த்த மான்களுக்குப் புல்லும் தண்ணீரும் வைக்க வேண்டும். மான் சுட்டவரைக் கூட்டிவந்து மானுக்கே தீனி போட வைத்துவிட்டார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

“அங்க போயி இந்தக் கதையெல்லாம் சொல்லி வாய விடாதடா” என்பாள். அது மாமாவுக்குச் சொன்னது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் எனக்கு நாட்டுத் துப்பாக்கிப் பாடம் நடக்கும். காலண்டர் சுற்றி வந்த அட்டைக் குழல்தான் துப்பாக்கி. அதன் வாய்வழியே மருந்துக்குப் பதிலாக முகப் பவுடரைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கொண்டைக்கடலையைக் குண்டாகப் போட்டு, மறுபடியும் நாரைத் திணித்து, ஒட்டடைக் கம்பால் இடிக்க வேண்டும். அம்மாவின் கம்பளம் வெள்ளை வெளேர் என்றாகிவிடும்.

“ஒரே வெடிதான் கண்ணு. தவறிடுச்சுன்னா மறுபடி மருந்து இடிக்கறதுக்குள்ள மானு அடுத்த மலைக்குப் போயிரும். அதனால காத்து எங்கிருந்து வருதுன்னு பாத்து, மூச்ச அடக்கிக் கெடக்கணும்” என்பார் மாமா.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு இல்லை. நாங்களே பிரியாணி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு மாம்பழ ஜூஸ் கொடுத்து, என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். நான் நான்காம் வகுப்பு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவின் பதினொரு மான்களையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் போனோம். வாசலிலேயே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். காலையில் எண்ணிப் பார்த்ததில் ஒரு மான் குறைகிறதாம், அதுவும் சினை மான். மாலையில் முதலாளி வருகிறார். மானை யாராவது அடித்துத் தின்றிருந்தால் போலீஸ், ஜெயில், அதன் பிறகு ஊருக்கு விமானம். மாமாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“தம்பி, நீர் ஊரில மான் சுடுற ஆள் எண்டு பிள்ளை சொன்னவ. உண்மையைச் சொல்லும்.”

“அய்யோ அண்ணே, நான் துப்பாக்கியத் தொட்டதே இல்ல. கொழந்த சாப்பிடணும்னு சும்மா அளந்து விட்டது. எல்லாம் பொய்” என்றார் மாமா, கையெடுத்துக் கும்பிட்டபடி.

என்னால் தாங்க முடியவில்லை. “இல்ல அங்கிள், நிஜமாத்தான் சுட்டாங்க! நார் வெச்சு இடிக்கறதெல்லாம் செஞ்சு காட்டினாங்க!” என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

“அதெல்லாம் சினிமால பாத்தது கண்ணு” என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பி, “சாயங்காலம் அசர் பாங்கு சொல்ற வரைக்கும் டைம் குடுங்கண்ணே” என்று கேட்டார்.

வேலியை ஒட்டியே நடந்து போனார். ஓரிடத்தில் கம்பிக்கு அடியில் மணல் சரிந்து, ஒரு மான் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளம்புத் தடத்தை விரலால் அளந்தார். கைப்பிடி மணலை எடுத்து மெல்ல விட்டு, அது பறக்கும் பக்கத்தைப் பார்த்தார். தடம் ஒரு திசையில் போக, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுதூரம் சுற்றிக்கொண்டு வேறு திசையில் போனார். நாங்கள் பிக்கப் வண்டியின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு புதர் அருகே அவர் மணலில் படுத்தார். அந்த வெயிலில் ஒரு மணி நேரம் அசையவில்லை. அம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

அவர் எழுந்தபோது கைகளில் ஏதோ இருந்தது. ஈரம்கூடச் சரியாகக் காயாத மான்குட்டி. அது கத்தக் கத்த, பத்தடி தள்ளித் தாய் மான் பின்னாலேயே வந்தது. ஈன்றுகொள்ளத் தனியிடம் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் வெகுநேரம் மாமாவின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் சினிமாவில பாத்ததோ தம்பி?”

மாமா குனிந்து குட்டியைத் தாயின் பக்கம் இறக்கிவிட்டார்.

“சரி, நான் ஒண்டும் கேக்கேல்லை. போய்க் கம்பியைக் கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரியாணியைப் பிரித்தாள். நான் மட்டும் சாப்பிடவில்லை. மாமா பொய்யர் என்று தெரிந்தபின் வகுப்பில் எப்படி முகத்தைக் காட்டுவது என்பதுதான் அன்று என் கவலை.

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது மாமா அட்டைக் குழலை எடுத்தார். “வா கண்ணு, மருந்து இடிக்கலாம்” என்றார்.

“வேண்டாம். நீங்கதான் சுட்டதே இல்லையே.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா கையமர்த்திவிட்டார். “ஆமா கண்ணு, சுட்டதே இல்ல” என்று சொல்லி, குழலைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார்.

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அவர் அந்தத் தோட்டத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வந்து, சாப்பிட்டு, டிவி பார்த்துவிட்டுப் போவார். ஒரு கதைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மணலை விட்டுக் காற்றைப் பார்த்ததையும், மூச்சை அடக்கிக் கிடந்ததையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அவர் வாயால் இல்லை என்றதைத்தான் நம்பினேன்.