சுற்றி உரித்த பட்டை

துறைமுகம் வந்துவிட்ட எங்கள் காட்டுப்பள்ளி ஊரில் மரங்களைப் பற்றி விசாரிக்க வந்த பெண் ஒரு கிளையை நீட்டினாள். கடற்கரை மணலில் வளரும் சிறுநாவல், இப்போது அரிதாம். இலையைக் கசக்கி முகர்ந்தேன். துவர்ப்பான பச்சை வாடை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு மரம் நின்றது. அதன் பட்டையைத் தகர டிரம்மில் கொதிக்கவைத்து, அந்தச் சாயத்தில் அப்பா நூல் வலையை முக்குவார். வலை சீக்கிரம் மக்காது. வருடத்துக்கு ஒரு பக்கம்தான் உரிப்பது வழக்கம். புது வலை வந்த வருடம் சாயம் போதவில்லை என்று சுற்றிலும் உரித்துவிட்டார்.

“இன்னாடா, மரத்த அம்மணமா நிக்க வச்சிட்டே? செத்துடும்டா,” என்று அவருடைய அக்கா கத்தினாள்.

“மரமா கடலுக்குப் போயி மீன் புடிச்சினு வரும்? போக்கா,” என்றார் அப்பா.

அடுத்த கோடைக்குள் மரம் காய்ந்தது. வெட்டி அடுப்பெரித்தோம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது என்று மட்டும் சொன்னேன். “அத துறைமுகம் கட்டும்போது வெட்டிட்டாங்களாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள். துறைமுகத்துக்கு எதிராக மனு போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அருகில் நின்றுகொண்டிருந்தார்; ஆமாம் என்று சொல்லச் சொல்லி என் காலை மிதித்தார்.

“அவுங்க அழிச்சது நெறைய கீது, அத்தத் தனியா சொல்றேன். இந்த மரத்த எங்கப்பன்தான் கொன்னான். அப்டியே எழுதிக்கோ,” என்றேன்.